குழாய்க்குள் குடியிருக்கும் மழை

கரக்பூரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். விடுதி வாசலில் நிற்கும் நம் சைக்கிள்கள் நாள்தோறும் நனைகின்றன. வெளியே பட்ட நீர் வெயிலில் உலர்ந்துவிடும்; குழாய்க்குள் புகுந்த நீர் எளிதில் உலராது. எஃகுக் குழாயின் வெளிப்புறத் துருவைக் கண்டால் துடைக்கலாம். உட்புறத் துருவோ, பிரேம் முறியும் நாளில்தான் தன்னைக் காட்டும்.

நீர் எவ்வாறு புகுகிறது? சீட்டைத் தாங்கும் கம்பி குழாய்க்குள் இறங்கும் இடத்தில் மெல்லிய இடைவெளி உண்டு. மழைநீர் கம்பியைப் பற்றி வழிந்து, பிரேமின் தாழ்ந்த இடமான பெடல் அச்சுக்கூட்டில் தேங்குகிறது. பால்ரஸ்களின் கிரீஸையும் கெடுக்கிறது.

மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை நான் சைக்கிளைத் தூக்கிக் குலுக்கிப் பார்ப்பேன். 'சளக்' என்று கேட்டால் சீட்டின் உயரத்தைக் குறித்துக்கொண்டு, கம்பியை உருவிச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்ப்பேன். நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டால் எளிது. நீர் வடிந்தபின் வெயிலில் உலர்த்தி, குழாய்க்குள் சிறிது எண்ணெய் விடுவேன். கம்பிக்குக் கிரீஸ் தடவி, பழைய டியூப் துண்டொன்றை அதில் கோத்துப் பொருத்தி, இடைவெளியை மூடுமாறு கீழே இழுத்துவிடுவேன்.

அச்சுக்கூட்டின் அடியில் துளை இருந்தால் சேறு அடைக்காமல் ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள். இல்லையெனில், அடுத்தமுறை அச்சைக் கழற்றும்போது சிறு துளையிடச் சொல்லுங்கள்.

நாம் படிப்பு முடித்துப் போகையில் இந்தச் சைக்கிள்கள் இளைய மாணவர் கைக்கு மாறுகின்றன. பளபளக்கும் வண்ணத்தை நம்பி ஏறுகிறவருக்கு உறுதியான உட்புறத்தையும் சேர்த்துக் கொடுப்போம்.