செக்ரோலில் பிடிக்கும் சாவுப் பணம்

அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் சம்பளத் துண்டை வாங்கிப் பாருங்கள். மேலே வரவு: எத்தனை பேர் (நாள் வேலை), எத்தனை கிலோ. கீழே பிடிப்புகள்: சேமலாப நிதி, முற்பணம், தேயிலைத் தூள், தொழிற்சங்கச் சந்தா, கோயில், சில தோட்டங்களில் சலவைக்காரருக்கும் முடிதிருத்துபவருக்கும் உரியது. அந்த வரிசையில் மரணாதார சங்கத்துக்கும் ஒரு சிறு தொகை இருக்கும். தலைவரோடு கோபித்துக்கொண்டு தொழிற்சங்கத்தையே மாற்றுகிறவர்கள் மலையகத்தில் ஏராளம். மரணத்துக்குப் பிடிக்கிற காசை நிறுத்தச் சொல்கிறவரைக் காண்பது அரிது.

பெரும்பாலும் தோட்டத்தின் ஒவ்வொரு டிவிஷனுக்கும் (பிரிவுக்கும்) ஒரு சங்கம். அதன் அலுவலகம் என்பது செயலாளரின் லயக் காம்பராவும் ஒரு கொப்பியும்தான். ஒரு சாவு விழுந்துவிட்டால் வெள்ளைக் கொடி கட்ட, பந்தலுக்குத் தகரமும் கதிரையும் இறக்க, குழி வெட்ட, வெளித்தோட்டத்துச் சொந்தங்களுக்குக் கேதம் சொல்ல ஆட்கள் தாமாகவே பிரிந்து போவார்கள். பணம் பிணம் எடுக்குமுன் வீட்டுக்கு வந்துவிடும். அந்த வேகத்தில்தான் சங்கத்தின் மதிப்பே இருக்கிறது. இறந்தவரின் சேமலாப நிதியை எடுக்கப் போனால் பிறப்பு அத்தாட்சியில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோல் என்ற தோட்டப் பதிவேட்டில் இன்னொரு பெயர் என்று சிக்கல் தொடங்கும். பெயரை எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதியதற்குப் பிள்ளைகள் பதுளைக்கும் கொழும்புக்கும் அலைய வேண்டும். மரணாதார சங்கத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. இறந்தவர் யார் என்று அதற்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டின் வேர் வறுமையில் மட்டும் இல்லை. கோப்பிக் காலத்தில் வந்தவர்களுக்கு அவசரத்துக்குப் பணம் தர ஒரே ஆள் பெரிய கங்காணி. கலியாணமோ கருமாதியோ, வாங்கிய கடன் ‘துண்டு’ என்ற சீட்டில் ஏறும். அதை அடைக்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921-இல் துண்டு முறை ஒழிந்தது. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென்று தொழிற்சங்கம் கண்டது 1931-இல். 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்து இந்த மக்களை நாட்டின் ஏட்டிலிருந்தே நீக்கியது. கங்காணியிடம் கையேந்தாமல், அரசாங்கத்தையும் எதிர்பார்க்காமல் ஒரு பிணத்தை மரியாதையாக எடுக்க வேண்டுமென்றால், லயத்துக்கு லயம் காசு சேர்ப்பதைத் தவிர வேறு வழி என்ன இருந்தது?

உலகம் முழுக்கத் தொழிலாளர் செய்ததும் இதுதான். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1868-இல் ஜான் அப்சர்ச் என்ற தொழிலாளி தொடங்கிய சங்கத்தில், உறுப்பினர் ஒருவர் இறந்தால் மற்றவர்கள் தலைக்கு ஒரு டாலர் போட வேண்டும்.  1894-இல், அதே பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் பகுதியில் குரோஷியத் தொழிலாளர் தங்களுக்கென ஒரு சகோதர சங்கம் கட்டினார்கள். அது இன்றும் காப்புறுதி நடத்துகிறது. அவர்கள் ஊர் ஊராகக் கிளைகளைச் சேர்த்து ஒரே நிதியாக்கினார்கள். நம் சங்கங்களோ டிவிஷன் எல்லையைத் தாண்டவில்லை.

இப்படி ஒரே டிவிஷனுக்குள் நிற்பதிலுள்ள ஆபத்தைக் கொஸ்லந்தை காட்டியது. 2014 ஒக்டோபர் 29 காலை, அங்கே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் எச்சரித்திருந்தது. பல உடல்கள் கிடைக்கவேயில்லை. தப்பியவர்கள் மாக்கல்தெனியவில் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலைக்குள் மாதக்கணக்கில் அல்ல, வருடக்கணக்கில் இருந்தார்கள். மரணாதார சங்கத்தின் கணக்கு, ஒரு வீட்டில் சாவு, மற்ற வீடுகள் கொடுக்கும் என்பது. கொடுக்க வேண்டிய வீடுகளும் அதே மண்ணுக்குள் போய்விட்டால் அந்தக் கணக்கு நிற்காது. உறுப்பினர் எல்லோரும் ஒரே மலைச்சரிவில் குடியிருக்கும் சங்கத்தைக் காப்புறுதி என்று சொல்லக் காப்புறுதிக்காரர் யாரும் துணியமாட்டார். ஊவாவில் அடைமழை இரவுகளில் மண்சரிவு அறிவித்தல் வராத வருடம் ஏது?

இவ்வளவு ஒழுங்காகக் காசு சேர்க்கத் தெரிந்த மக்கள் சாவுக்கு மட்டும் ஏன் சேர்த்தார்கள் என்பது எனக்கு நெடுநாள் உறுத்தல். மலேயாவில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது, 1960-இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டிய தமிழர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். அதையும் இதையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமில்லைதான். அங்கே சம்பந்தன் அமைச்சர். இங்கே அந்த வருடங்களில் தொழிலாளரில் பெரும்பாலோருக்கு வாக்கே இல்லை. ஆனால் குடியுரிமைப் பிரச்சினை 2003-இல் சட்டப்படி தீர்ந்த பிறகும் இங்கே ஏன் அப்படி முயலவில்லை என்று கேட்கலாம்.

இப்போது சங்கத்தின் அடித்தளமே ஆடுகிறது. 1992-இல் கம்பனிகள் தோட்டங்களை எடுத்தபோது இருந்த பதிவுத் தொழிலாளரில் இன்று பாதிப் பேர்கூட இல்லை. லயத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், செக்ரோலில் பெயர் இல்லை. பிள்ளைகள் கொழும்புக் கடைகளில், ஆடைத் தொழிற்சாலைகளில், வளைகுடாவில். சம்பளத்தில் பிடிக்க வழியில்லாத வீட்டார் கையில் காசு கொண்டுவந்து கட்ட வேண்டும். நிலுவை ஏறினால் பெயரை வெட்டுவதா, பாட்டி செத்துக் கிடக்கையில் ‘பாக்கி இருக்கு’ என்று சொல்வதா? செயலாளர்மாரின் தலைவலி இதுதான். பெரும்பாலும் சொல்ல மனம் வராமல் கொடுத்துவிடுகிறார்கள்; நிதி கரைகிறது. குழி வெட்டவும் ஆள் குறைவு. வாலிபர்கள் இரவு பஸ் பிடித்து வந்து சேரும்போது அடக்கமே முடிந்திருக்கும்.

தம்பேதன்னைத் தோட்டத்தில் கட்டும் காசு பூனாகலைத் தோட்டத்துக்கும் உதவும்படி, தோட்டங்களைக் கடந்த ஒரே நிதியாக மரணாதாரத்தை மாற்றினால் பாதிச் சிக்கல் தீரும். ஒரு மலை சரிந்தாலும் மற்ற மலைகள் தாங்கும், கொழும்பிலிருக்கிற பிள்ளையும் அங்கிருந்தே கட்டலாம். இதைச் செய்யக்கூடிய வலைப்பின்னல் தொழிற்சங்கங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவர்களின் சந்தாவும் அதே செக்ரோலில்தான் பிடிபடுகிறது. எந்தச் சங்கத்தின் பெயரில் நிதி, யார் பொருளாளர் என்ற கேள்வியைத் தாண்டி வர அவர்களுக்குத்தான் மனமில்லை.