ஆக்கிய மொழியும் ஆகி வந்த மொழியும்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் மாலை அலுவலகம் முடிந்து கோர்படியிலுள்ள நம் இல்லத்திற்குத் திரும்பினோம். வாயிற்படியில் மூன்று பிள்ளைகள் அமர்ந்து ஒரு தாளில் ஏதோ எழுதிக் கொண்டிருந்தனர். ஒருத்தி நம் மகள், ஒன்பது வயதினள். மற்றொருவன் மராத்தியர் வீட்டுப் பிள்ளை. மூன்றாமவன் தெலுங்கர் வீட்டுப் பிள்ளை. தாளை எட்டிப் பார்த்தோம். அது தமிழும் அன்று, தேவநாகரியும் அன்று, ஆங்கிலமும் அன்று.

"இஃது என்ன எழுத்தம்மா?" என்று வினவினோம்.

"கிளிக்கி, அப்பா! உங்களுக்குத் தெரியாது" என்று மகள் சிரித்தாள். மற்ற இருவரும் உடன் சிரித்தனர்.

அதே வாரத்தில் ஊரிலிருந்து நம் தந்தையாரின் கடிதம் வந்தது. பேத்திக்கென்றே எழுத்துகளைப் பெரிது பெரிதாக எழுதியிருந்தார். அதனை மகளிடம் நீட்டினோம். அவள் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். பிறகு, "நீங்களே படித்துச் சொல்லுங்கள், அப்பா" என்று திருப்பிக் கொடுத்து விட்டாள்.

முதலில் நமக்குச் சினம் வந்தது. திரைப்படத்திற்காக ஒருவர் ஆக்கிய மொழியின் எழுத்தைக் கற்றுக் கொண்ட பெண்ணுக்குத் தாத்தாவின் எழுத்து தெரியவில்லையே என்று நொந்தோம். சற்று நேரத்தில் சினம் போய் வெட்கம் வந்தது. பள்ளியில் மராத்தியும் ஆங்கிலமும், தெருவில் இந்தியும் அவளுக்குத் தாமே வந்து சேர்ந்தன. தமிழை மட்டும் "பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்று ஒத்தி வைத்தவர் நாமே அன்றோ?

நிற்க. பிள்ளைகளை இவ்வளவு மயக்கிய அந்தக் கிளிக்கி யாது என்று அறிய விரும்பினோம். 2015ஆம் ஆண்டு வெளிவந்த 'பாகுபலி' என்னும் திரைப்படத்தில் காலகேயர் என்ற கொடிய படையினர் வருவதை அன்பர்கள் பார்த்திருக்கலாம். அவர்கள் பேசுவதற்கென்று ஒரு மொழி வேண்டும் என்று இயக்குநர் ராஜமௌலி எண்ணினார். அதனை ஆக்கித் தந்தவர் தமிழ்ப் பாடலாசிரியர் மதன் கார்க்கி. அவர் ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த காலத்தில், தாம் பார்த்துக் கொண்ட குழந்தைகளுடன் விளையாட்டாக ஒரு மொழியை உண்டாக்கியிருந்தார். அந்த வித்தே படத்திற்காக வளர்ந்து, சுமார் 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் கொண்ட கிளிக்கி ஆயிற்று. பின்னர் 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள், உலகத் தாய்மொழி நாளன்று, ஏறத்தாழ 3000 சொற்களோடும் 22 எழுத்துக் குறிகளோடும் அது பொதுமக்கள் கற்பதற்கென வெளியிடப்பட்டது.

இதன் சொற்பிறப்பு சுவையானது. 'மின்' என்றால் நான். அதனைத் திருப்பிப் போட்டு 'நிம்' என்றால் நீ. எதிரெதிரே நிற்கும் இருவர்க்கு எதிரெதிரான இரு சொற்கள்! நாவைச் சொடுக்கும் ஒலியும் இம்மொழியில் உண்டு. படம் தெலுங்கிலும் தமிழிலும் எடுக்கப்பட்டு இந்தியிலும் வந்தது. காலகேயர் பேச்சு மட்டும் எல்லார்க்கும் ஒன்றே. அதனால்தான் நம் வாயிற்படியில் அமர்ந்த மூன்று பிள்ளைகளுக்கும் அது பொதுவாயிற்று. அங்கே எவர்க்கும் அது தாய்மொழி அன்று. ஆகவே எவரும் எவரையும் எள்ளி நகையாட இடமில்லை.

இவ்வெண்ணம் புதியது அன்று. இன்று போலந்து நாட்டிலுள்ள பியாலிஸ்தோக் என்னும் ஊர் அக்காலத்தில் ருஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. அவ்வூரில் ருஷ்யர், போலந்தியர், ஜெர்மானியர், யூதர் ஆகியோர் தத்தம் மொழி பேசித் தனித்தனியே வாழ்ந்து, ஒருவரையொருவர் ஐயுற்று வந்தனர். அங்கே 1859இல் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் சாமன்ஹாப். எல்லார்க்கும் சமமான இரண்டாவது மொழி ஒன்று இருந்தால் பகை தணியும் என்று இளமையிலேயே கனவு கண்டார். கண் மருத்துவராகத் தொழில் புரிந்து கொண்டே, 1887இல் வார்சா நகரில் தம் மொழியின் முதல் நூலை வெளியிட்டார். அதில் தமக்கு அவர் இட்டுக்கொண்ட புனைபெயர் 'டாக்டர் எஸ்பெராந்தோ'. 'நம்பிக்கை கொண்டவர்' என்பது அதன் பொருள். அப்பெயரே மொழிக்கும் பெயராகி நிலைத்தது. நம் நாட்டில் ஆசாரிய வினோபா பாவே அவர்களும் எஸ்பெராந்தோவைப் பயின்றார்.

எஸ்பெராந்தோவின் அடிப்படை விதிகள் பதினாறே. பெயர்ச்சொல் எல்லாம் 'ஓ' என்று முடியும். பெயரடை எல்லாம் 'ஆ' என்று முடியும். 'லெர்ன்' என்பது கற்றலைக் குறிக்கும் வேர். அதனோடு 'ஆஸ்' சேர்ந்தால் நிகழ்காலம், 'இஸ்' சேர்ந்தால் இறந்தகாலம், 'ஓஸ்' சேர்ந்தால் எதிர்காலம். இதற்கு விலக்கு ஒன்றும் இல்லை. 'மால்' என்னும் முன்னொட்டு பொருளை எதிர்மறையாக்கும்: 'போனா' நல்லது, 'மால்போனா' கெட்டது. 'ஏய்' என்பது இடத்தைக் குறிக்கும்: 'லெர்னேயோ' என்றால் கற்கும் இடம், அதாவது பள்ளிக்கூடம். மருத்துவமனைக்கு 'மால்சானுலேயோ' என்பர். நீண்ட சொல்லாயிற்றே என்று அஞ்ச வேண்டா. மால் என்பது எதிர்மறை. சான் என்பது நலம். உல் என்பது ஆள். ஏய் என்பது இடம். ஓ என்பது பெயர் விகுதி. நலமற்ற ஆள் இருக்கும் இடம்! பெட்டிகளைக் கொக்கி மாட்டித் தொடராக்குவது போன்ற இந்த வேலை இரயில்வே எழுத்தராகிய நமக்கு மிகவும் பிடித்துப் போயிற்று.

நம் தொழிலுக்கு அம்மொழியில் என்ன பெயர் என்று தேடினோம். 'ஃபெர்வோயோ' என்று கண்டோம். ஃபெர் என்றால் இரும்பு. வோயோ என்றால் பாதை. நம் முன்னோர் வைத்த 'இருப்புப் பாதை' அன்றோ இது! இங்கே மராட்டியத்தில் 'லோஹமார்க்' என்பதும் அதுவே. இரும்பையும் பாதையையும் சேர்த்துப் பெயரிட வேண்டும் என்று வேறு வேறு நாட்டு மாந்தர்க்குத் தோன்றியது வியப்பே.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. எஸ்பெராந்தோவின் வேர்ச்சொற்கள் பெரும்பாலும் இலத்தீன், பிரெஞ்சு, ஜெர்மன், ருஷ்யம் முதலிய ஐரோப்பிய மொழிகளிலிருந்தே எடுக்கப்பட்டவை. எல்லார்க்கும் சமம் என்று எண்ணிய மொழியிலும் ஐரோப்பியனுக்குச் சுமை குறைவு. தமிழனுக்குச் சுமை மிகுதி. மொழி ஒன்றே பகையைத் தீர்த்துவிடும் என்ற கனவும் பொய்த்தது. சாமன்ஹாப் 1917இல் மறைந்தார். அவருடைய மக்கள் மூவரும் இரண்டாம் உலகப் போரில் நாஜிகளால் கொல்லப்பட்டனர். அம்மொழியோ அழியவில்லை. இன்றும் பல நாடுகளில் அதைப் பேசுவோர் இருக்கின்றனர். இரயில்வே ஊழியர்க்கென்றே அதில் ஓர் அனைத்துலகச் சங்கமும் உண்டு.

இவற்றையெல்லாம் படித்துக் கொண்டிருக்கையில் பழைய பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று பகுபத உறுப்புகள் ஆறினை நன்னூல் கூறுவதை நாம் பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தோம். 'படித்தாள்' என்பதைப் பிரித்தால் படி என்பது பகுதி. த் என்பது சந்தி. அடுத்த த் என்பது இறந்தகால இடைநிலை. ஆள் என்பது பெண்பால் விகுதி. ஒரே சொல்லில் செயலும் காலமும் பாலும் இடமும் வரிசையாக வந்து நிற்கின்றன. சாமன்ஹாப் மேசையில் அமர்ந்து ஆக்கிய கொக்கி வேலை நம் வீட்டில் ஈராயிரம் ஆண்டுகளாக நடந்து வருகிறது. அதனை நாமும் கண்டதில்லை. நம் பிள்ளைக்கும் காட்டியதில்லை.

அன்று இரவே மகளை அருகில் அழைத்தோம். "உன் கிளிக்கியில் எத்தனை எழுத்து?" என்றோம். "இருபத்திரண்டு" என்றாள். "தமிழில் 247 என்று அஞ்சுகிறாய் அன்றோ? உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. எஞ்சியவை இவற்றின் கூட்டு. உன் கிளிக்கியைவிட ஒன்பதே அதிகம்" என்றோம். அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்துத் தலையசைத்தாள்.

பழைய நாட்காட்டியின் அட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டினோம். ஒரு நிறத்தில் படி, நட, சிரி. ஒரு நிறத்தில் கால இடைநிலைகள். ஒரு நிறத்தில் ஏன், ஆன், ஆள், ஆர். அவள் பெட்டிகளைக் கோப்பது போலக் கோத்தாள். சில நாட்களில் மராத்தியர் வீட்டுப் பிள்ளையும் உடன் அமர்ந்து 'சிரித்தான்' என்று கோத்துவிட்டு உண்மையாகவே சிரித்தான். எழுத்தும் விளையாட்டோடு விளையாட்டாக வந்தது.

இரண்டு மாதங்களில் தாத்தாவுக்கு அவளே ஒரு கடிதம் எழுதினாள். மொத்தம் நான்கு வரி. அதில் ஒரு வரி: 'நேற்று நான் நன்றாகத் தூங்கித்தேன்.' அதனைக் கண்டு அவள் தாயார் சிரித்துத் திருத்தப் போனார். நாம் தடுத்தோம். இறந்தகாலத்திற்கு எஸ்பெராந்தோவில் ஒரே அடையாளம். தமிழிலோ த், ட், ற், இன் என நான்கு. படித்தேன், நடித்தேன், சிரித்தேன் என்று கோத்த கை தூங்கித்தேன் என்றும் கோத்தது. ஒருவர் ஆக்கிய மொழியாயின் அவள் எழுதியதே சரியாகும். பல தலைமுறையினர் நாவில் ஆகி வந்த மொழியாதலால் 'தூங்கினேன்' என்றாயிற்று. அவள் செய்த பிழை அறியாமையால் வந்தது அன்று. விதியை அறிந்ததால் வந்தது.

கடிதத்தை அப்படியே அஞ்சலில் சேர்த்தோம். பத்தாம் நாள் தாத்தாவின் பதில் வந்தது. "உன் கடிதம் கண்டு நானும் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்" என்று எழுதியிருந்தார். திருத்தம் என்று ஒரு சொல்லும் இல்லை. மகள் அதனைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'தூங்கினேன்' என்ற இடத்தில் சற்று நின்றாள். பிறகு எழுந்து போய் அட்டைத் துண்டு ஒன்றில் 'இன்' என்று எழுதிப் பெட்டியில் சேர்த்துக் கொண்டாள்.

பிள்ளைகள் ஆக்கிய மொழிகளைக் கற்பதை அன்பர்கள் தடுக்க வேண்டா. அங்கே பிறக்கும் ஆர்வத்தைச் சற்றே நம் வீட்டுப் பக்கம் திருப்புவோமாக. தாத்தாமார் கடிதம் எழுதும் காலத்திலேயே அதனைச் செய்வோமாக.