வெண்ணெய்க்கு வரி, சிப்ஸுக்கு வரி: நிலைத்தது எது?

உடல் பருமன் மிகுந்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய் முதலியவை வர வாய்ப்பு அதிகம். மருத்துவச் செலவை அரசு ஏற்கும் நாடுகளில் இந்தச் சுமை எல்லோர் தலையிலும் விழுகிறது. நோய்க்குக் காரணமாகும் உணவுக்கே வரி போட்டு அச்செலவை ஈடுகட்டலாம் என்ற யோசனை இப்படித்தான் எழுந்தது. ஐரோப்பாவில் இரண்டு நாடுகள் 2011-ம் ஆண்டில் இதைச் செய்து பார்த்தன. கறவை மாடு வைத்துப் பிழைப்போர் இதை அறிந்திருப்பது நல்லது.

டென்மார்க்கில்...

டென்மார்க் பால் பண்ணைக்கும் கூட்டுறவுக்கும் பெயர் பெற்ற நாடு. அங்கு 2011 அக்டோபர் 1 முதல் நிறைவுற்ற கொழுப்புக்கு வரி விதிக்கப்பட்டது. வெண்ணெயிலும் இறைச்சிக் கொழுப்பிலும் மிகுந்திருப்பது இது. நூறு கிராம் உணவில் இக்கொழுப்பு 2.3 கிராமுக்கு மேல் இருந்தால், கொழுப்பின் எடையில் கிலோவுக்கு 16 குரோனர் வரி. வெண்ணெயில் ஏறக்குறையப் பாதி இவ்வகைக் கொழுப்பே. ஆகவே ஒரு கிலோ வெண்ணெய்க்கு வரி மட்டும் சுமார் 8 குரோனர் ஆயிற்று. பாலாடைக்கட்டியும் மாட்டிறைச்சியும் வரிக்குள் வந்தன.

மக்களில் பலர் எல்லை தாண்டி ஜெர்மனிக்குச் சென்று மலிவாக வாங்கி வந்தனர். ஒவ்வொரு பண்டத்திலும் கொழுப்பைக் கணக்கிடுவது உற்பத்தியாளர்களுக்குப் பெருந்தொல்லையாயிற்று. பதினைந்தே மாதங்களில், 2013 ஜனவரி 1 முதல், வரி நீக்கப்பட்டது.

ஹங்கேரியில்...

ஹங்கேரி வேறு வழியில் சென்றது. அங்கு 2011 செப்டம்பர் முதல், ஆலையில் தயாராகிப் பொட்டலத்திலும் புட்டியிலும் வரும் பண்டங்களில் சர்க்கரையோ உப்போ குறித்த அளவை மீறினால் வரி. பண்ணையிலிருந்து வரும் பாலுக்கும் இறைச்சிக்கும் இந்த வரி இல்லை. 'சிப்ஸ் வரி' என்றே மக்கள் இதை அழைத்தனர். வசூலான பணம் சுகாதாரத் துறைக்குச் சென்றது. சுகாதார ஊழியரின் சம்பள உயர்வுக்கும் உதவியது. வரியைத் தவிர்க்கச் சில உற்பத்தியாளர்கள் உப்பையும் சர்க்கரையையும் குறைத்தனர். இதனால் வசூல் குறையலாம்; ஆனால் உண்பவர் உடலுக்கு அது நன்மையே.

கவனிக்க வேண்டியவை

ஏழையின் வருமானத்தில் பெரும்பங்கு சாப்பாட்டுக்கே போகிறது. எனவே உணவு வரி அவரையே அதிகம் உறுத்தும். அன்றாட உணவுக்கு வரி போட்டால் வாங்குபவர் வேறு கடை தேடுவார். விற்பனை குறைந்தால் விளைவித்தவருக்கும் நஷ்டம். அதிகமாகச் சேர்த்த உப்புக்கும் சர்க்கரைக்கும் வரி போட்டால், அதைக் குறைக்க ஆலைக்கு வழி இருக்கிறது. வெண்ணெயிலிருந்து கொழுப்பை எடுக்க வழியில்லை.

இத்தகைய வரி பற்றிய பேச்சு எழும்போது, விவசாயிகள் சங்கங்களும் பால் கூட்டுறவுகளும் முதலில் பார்க்க வேண்டியது வரி விகிதத்தை அல்ல. எந்தெந்தப் பண்டம் பட்டியலில் இருக்கிறது என்பதையே.