சும்மா கிடைப்பதன் விலை

“இணையத்தில்தான் எல்லாம் சும்மா கிடைக்கிறதே, பிறகு எதற்குக் காசு?” இந்தக் கேள்வி இன்று நம் வீடுகளில் சாதாரணமாகக் காதில் விழுகிறது. வாட்ஸாப்பில் ஒரு நாவலின் பி.டி.எஃப். வரும், அடுத்த நிமிடம் அது பத்துப் பேருக்குப் போய்விடும். வியாபாரியான எனக்குத் தோன்றுவது வேறு கேள்வி: சரக்கு வந்துவிட்டது, சரி, செலவு யார் கணக்கில்?

கடையில் ஒரு மூட்டை அரிசி விற்றால் ஒரு மூட்டை குறையும். மின்னூல் ஆயிரம் பேருக்குப் போனாலும் குறைவதில்லை. அதனால்தான் அதற்கு விலையே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் இரண்டாவது படிக்குத்தான் செலவில்லை. முதல் படிக்கு ஆசிரியரின் வருடக்கணக்கான உழைப்பும், பிழை திருத்தினவர் கூலியும், பதிப்பாளர் முதலும் போயிருக்கின்றன. அந்த முதலை யார் போட்டார்கள் என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

சமணர் போற்றும் நால்வகைத் தானங்களுள் சாத்திர தானமும் ஒன்று. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பை என்னும் அம்மையார், பொன்னர் இயற்றிய சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார் என்பது வரலாறு. பெற்றவருக்கு அது இலவசம்; செலவு அந்த அம்மையாருடையது.

அச்சு வந்த பிறகு வாசகரே முதல் போட்டார். உ.வே. சாமிநாதையர் கும்பகோணத்துச் சமணர்களிடம் ஐயம் தெளிந்து, 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். நூல் வெளிவருமுன்பே பலரிடம் கையொப்பம் வாங்கிப் பணம் திரட்டித்தான் அச்சுக்கூலியைச் சமாளித்தார். பாரதியார் பாடல்களின் உரிமையை 1949-இல் அரசு வாங்கியது. அங்கே செலவு மக்கள் வரிப்பணம். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து இணையத்தில் இலவசமாக வைத்தார்கள். அது உழைப்புத் தானம். காசு கேட்காத வீடியோக்களில் பெரும்பாலும் விளம்பரக்காரர் காசு கொடுக்கிறார்; நாம் நம் நேரத்தைக் கொடுக்கிறோம்.

நம் திருவனந்தபுரத்திலேயே இன்னொரு வழியும் பிறந்தது. 2024 மார்ச் 7 அன்று கைரளி திரையரங்கில், கேரள அரசின் ‘சி ஸ்பேஸ்’ ஓ.டி.டி. தளத்தை முதலமைச்சர் பினராயி விஜயன் தொடங்கிவைத்தார். தொடக்கத்தில் 42 படங்கள். மாதச் சந்தா கிடையாது; பார்க்கும் படத்துக்கு மட்டும் காசு. முழுநீளப் படத்துக்கு 75 ரூபாய் என்றும், அதில் பாதி படம் தந்தவருக்கு என்றும் அறிவித்தார்கள். பார்த்தவன் கொடுத்தான், படைத்தவன் பெற்றான் என்ற நேர்க்கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்படியானால் இலவசம் எல்லாம் தப்பா? இல்லை. கொடுப்பவனுக்குக் கொடுக்க உரிமை இருந்தால் அது தானம். இல்லாவிட்டால் திருட்டுச் சரக்கு. நம் நாட்டுச் சட்டப்படி, ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள்வரை அவர் நூலுக்குப் பதிப்புரிமை உண்டு. அதற்குப் பிறகு அது ஊர்ப்பொது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் கள்ளாமை விரதத்துக்கு ஐந்து குற்றங்களைச் சொல்கிறது. திருடத் தூண்டுவதும், திருடிய பொருளை வாங்குவதும், எடையளவில் ஏமாற்றுவதும் அவற்றுள் அடங்கும். எடையில் குறைத்தால் கடைக்காரனைச் சண்டைக்கு இழுக்கும் நாம், பி.டி.எஃப். வாங்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்ளலாமா?

இங்கிலீஷ் புத்தகத்துக்கு உலகம் முழுதும் சந்தை உண்டு. நூறு பேர் ஓசியில் படித்தாலும் தாங்கும். தமிழ்ப் புத்தகம் சில நூறு படிகளை நம்பித்தான் அச்சாகிறது. அந்த நூறு பேர் நாமாக இருந்தால் அடுத்த பதிப்பு வராது. தமிழ் வகுப்பு கிடைக்காத ஊர்களில் வளரும் நம்ம பிள்ளைகளுக்குப் புதிய தமிழ்க் கதை வேண்டுமென்றால், அதை எழுதுகிறவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

ஆகவே பழந்தமிழ் நூல்களை மதுரைத் திட்டத்தில் மகிழ்ச்சியாகப் படியுங்கள். இன்று எழுதுகிறவரின் மின்னூலையோ அச்சு நூலையோ காசு கொடுத்து வாங்குங்கள். பலருக்குக் கொடுக்க ஆசையா? பத்துப் படிகள் வாங்கிக் கொடுங்கள். அதுவே இந்தக் காலத்துச் சாத்திர தானம்.