மான் யாருக்குச் சொந்தம்? அரிசோனாவின் வேட்டைக் கணக்கு

விளைந்து நிற்கும் வெள்ளாமையில் ஒரே ராத்திரியில் காட்டுப்பன்றி புகுந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "அமெரிக்காவுல எல்லார்கிட்டயும் துப்பாக்கி இருக்கு, வயலுக்கு எது வந்தாலும் சுட்டுப் போட்டுருவாங்க" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை அப்படி இல்லை. அந்நாட்டின் தென்மேற்கில் உள்ள அரிசோனா மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். பரப்பளவில் தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பாதி பாலைவனம், மீதி மலையும் பைன் காடும். அங்கே யார், எப்போது, எதை வேட்டையாடலாம்? நிலம் வைத்திருப்பவருக்கு அதில் என்ன உரிமை?

விலங்கு அரசின் சொத்து

முதல் விதி இதுதான்: அரிசோனாவில் உள்ள காட்டுயிர் எல்லாம் மாநிலத்தின் சொத்து. உங்கள் நிலத்தில் மேய்ந்தாலும் மான் உங்களுடையது அல்ல. வேட்டை விதிகளை வகுப்பது ஐந்து பேர் கொண்ட ஓர் ஆணையம். உறுப்பினர்களை மாநில ஆளுநர் நியமிக்கிறார். அந்த ஊர் ஆளுநர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம்ம முதலமைச்சர் மாதிரி. ஆணையத்தின் கீழ் இயங்கும் காட்டுயிர்த் துறை விலங்குகளைக் கணக்கெடுக்கும். எந்தப் பகுதியில் எத்தனை விலங்கை எடுக்கலாம் என்பது அந்தக் கணக்கை வைத்து முடிவாகும்.

பருவம் என்றால் என்ன?

ஒவ்வோர் உயிருக்கும் தனித்தனிப் பருவம். புறா வேட்டை செப்டம்பர் 1இல் தொடங்கும். காடைக்கு அக்டோபர் முதல் பிப்ரவரித் தொடக்கம் வரை. எல்க் என்ற பெரிய மானுக்கு செப்டம்பரில் வில் அம்பு வேட்டை, அதன் பிறகு துப்பாக்கி வேட்டை. பன்றி போலவே இருக்கும், ஆனால் பன்றிக் குடும்பம் அல்லாத ஹாவலீனாவுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும். புறா மாதிரி வலசை போகும் பறவைகளுக்கு 1918ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் ஒன்றும் உண்டு. மாநிலம் அதை மீற முடியாது.

உரிமம் மட்டும் போதாது

உரிமம் வாங்கிவிட்டால் காட்டுக்குள் போய்ச் சுடலாம் என்பதில்லை. உரிமம் என்பது வாசல் சீட்டு மட்டும்தான். மான், எல்க், ஹாவலீனா போன்ற பெருவிலங்குக்கு 'டேக்' என்ற தனிச் சீட்டும் வேண்டும். ஒரு டேக்குக்கு ஒரு விலங்கு. அடித்தவுடன் டேக்கை உடலில் கட்டிவிட வேண்டும்.

பெரும்பாலான டேக்குகள் குலுக்கலில்தான் கிடைக்கும். சீட்டு விழாதவருக்கு ஒரு போனஸ் புள்ளி சேரும். அடுத்த முறை அவருக்கு வாய்ப்புக் கூடும். வெளிமாநிலத்தாருக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் போகாது. பெருங்கொம்பு ஆட்டில் ஒரு வகைக்கு வாழ்நாளில் ஒன்றுதான். பத்து வயதுக்குட்பட்டவர் பெருவிலங்கு வேட்டைக்கே போக முடியாது. பத்திலிருந்து பதின்மூன்று வயது வரை உள்ளவர் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும்.

கொம்பை வெட்டிக்கொண்டு கறியை வீணாக விட்டு வந்தால் குற்றம். வறண்ட நாட்டில் தண்ணீருக்கு வரும் விலங்கைத் தானியங்கிக் கேமரா வைத்துக் கண்டுபிடித்துச் சுடுவது 2022 முதல் தடை.

பண்ணைக்காரர் பக்கம்

ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து கால் மைல், அதாவது சுமார் 400 மீட்டர் தொலைவுக்குள், அவர் அனுமதி இல்லாமல் வேட்டைக்காரர் சுடக் கூடாது. சொந்த நிலத்தில் 'வேட்டைக்குத் தடை' என்று உரிய முறையில் பலகை வைத்தால் வேட்டைக்காரர் நுழையக் கூடாது. ஆனால் அங்கே தனியார் நிலம் ஐந்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. மாடு மேய்க்கக் குத்தகைக்கு எடுத்த அரசு நிலத்தில், குத்தகைதாரர் தன் விருப்பத்துக்கு வேட்டையைத் தடுக்க முடியாது.

சரி, எல்க் கூட்டம் வந்து குதிரைமசாலை மேய்ந்துவிட்டால்? பண்ணைக்காரர் வேலி போடலாம், விரட்டலாம், நியாயமான வழி எதையும் கையாளலாம். காயப்படுத்தவோ கொல்லவோ கூடாது. அதுவும் போதவில்லை என்றால் துறைக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். துறை ஆள் அனுப்பி விசாரிக்க வேண்டும். ஆலோசனை சொல்லி, தடுப்பு வேலைக்குத் துணை நிற்க வேண்டும். எண்ணிக்கையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று தெரிந்தால் ஆணையம் அந்த இடத்துக்கு மட்டும் சிறப்பு வேட்டைப் பருவம் அறிவிக்கலாம். கரடியோ மலைச்சிங்கமோ கால்நடையை அடித்தால் மட்டும் விதி வேறு. உரியவர் அந்த விலங்கைக் கொல்லலாம். ஐந்து நாளுக்குள் துறைக்குச் சொல்ல வேண்டும்.

குறையும் உண்டு. பயிர்ச் சேதத்துக்குப் பணமாக இழப்பீடு தருவதைப் பற்றி அந்தச் சட்டப் பிரிவு பேசவில்லை. ஓநாய் அடித்த கால்நடைக்கு இழப்பீடு தர 2015இல் தனி வாரியம் அமைத்தார்கள்.

பணம் எங்கிருந்து?

உரிமம், டேக் விற்ற பணமே துறைக்குப் பெரிய வரவு. கூடவே, 1937ஆம் ஆண்டின் நடுவண் சட்டப்படி நீள்துப்பாக்கி, தோட்டாக்கள் மீது 11 விழுக்காடு வரி வசூலித்து, மாநிலங்களின் காட்டுயிர்ப் பணிக்குப் பிரித்துத் தருகிறார்கள். உரிமப் பணத்தை வேறு செலவுக்குத் திருப்பும் மாநிலத்துக்கு அந்தப் பங்கு கிடையாது.

இந்தக் கட்டுப்பாடெல்லாம் பட்டுத் தெரிந்த பாடம். அரிசோனாவின் சொந்த எல்க் இனம் 1900ஐ ஒட்டி அற்றே போச்சு. 1913இல் யெல்லோஸ்டோனிலிருந்து எல்க் மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று அங்கே மேயும் கூட்டங்கள் அவற்றின் வழியில் பெருகியவை. இன்னொரு பக்கம், கைபாப் மேட்டுநிலத்தில் 1906இல் மானைக் காக்க வேட்டையைத் தடுத்து, ஓநாயையும் மலைச்சிங்கத்தையும் கொன்று தீர்த்தார்கள். மான் பெருகியது, 1920களில் தழை இல்லாமல் கூட்டம் கூட்டமாகச் செத்தது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

பொழுதுபோக்கு வேட்டை நமக்கு வேண்டாம். 1972 சட்டம் அதற்கு இடமும் தரவில்லை. தமிழ்நாட்டில் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறையினர் சுடலாம் என்று 2025இல் அரசு அறிவித்தது. இங்கேயும் துப்பாக்கி அரசின் கையில்தான்.

ஆனால் அரிசோனா சட்டத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. விலங்கு என்னுடையது என்று சொல்லும் அரசு, உழவர் எழுதிக் கொடுத்ததும் வயலுக்கு வந்து பார்த்தாக வேண்டும். ஆகவே, நண்பர்களே, 'சுட விடுங்கள்' என்று கேட்பதோடு நின்றுவிடாமல் இதையும் கேட்போம்: எங்கள் வட்டாரத்தில் பன்றி எத்தனை, மயில் எத்தனை? எண்ணியது யார்? புகார் கொடுத்தால் எத்தனை நாளில் வந்து பார்ப்பீர்கள்? ஒவ்வொரு சேதத்தையும் தேதி, பயிர், பரப்பு போட்டு எழுதிவைத்து, மனுவாகக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கு நம்ம கையில் இருந்தால்தான் அவர்களிடம் கணக்குக் கேட்க முடியும்.