கம்பிளி போர்த்தி வந்தவர் யார்?



உயர்தரம் படிக்கும் உங்கள் மகள் ஒருநாள் அடுப்படிக்கு வந்து, “உம்மா, நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு படம் எடுக்கப் போறோம், திகில் படம்” என்று சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? முதலில் திடுக்கிடுவீர்கள். அடுத்து, “படிக்கிற வயசில் இதென்ன வேலை?” என்று கேட்பீர்கள். தாய் என்ற முறையில் அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தக் கேள்வியோடு கதவை மூடிவிடாமல் இன்னும் சில கேள்விகளையும் கேட்டுப் பார்த்தால், அந்த வேலைக்குள் ஒரு நல்ல படிப்பினை மறைந்திருப்பதைக் காணலாம். ஹட்டனுக்கு அண்மையில் என்னிடம் இஸ்லாம் பாடம் கற்கும் மாணவி ஒருவரின் அனுபவத்தை வைத்து அதைச் சொல்ல விரும்புகிறேன்.

இரண்டு நிமிடப் பரீட்சை

இன்று நமது நாட்டில் ‘தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்’ என்பது உயர்தரக் கலைப்பிரிவில் ஒரு பாடம். பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி, சினிமா என்பன எவ்வாறு இயங்குகின்றன என்பதைப் பிள்ளைகள் அதில் படிக்கிறார்கள். இங்கிலாந்திலும் இத்தகைய பாடம் உண்டு. அங்கே ஓ.சி.ஆர். என்னும் பரீட்சைச் சபை 2008ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய பாடத்திட்டத்தில் மாணவர்களுக்கு ஒரு செய்முறை வேலை கொடுக்கப்பட்டது. ஒரு புதிய கதைப்படத்தின் தொடக்கத்தை, அதன் பெயர் எழுத்துக்களோடு, இரண்டு நிமிடத்துக்கு மேற்படாமல் எடுக்க வேண்டியிருந்தது. தனியாகவோ, கூடியது நான்கு பேர் சேர்ந்தோ செய்ய முடிந்தது. காட்சிகள் யாவும் அவர்களே எடுத்தவையாக இருக்க வேண்டியிருந்தது. ஏராளமான மாணவர்கள் இதற்குத் தெரிவு செய்தது திகில் படத்தைத்தான். காரணம் எளிது. பெரிய செலவில்லை, இருட்டு, ஒரு கதவு, ஒரு காலடிச் சத்தம், இவை போதும்.

படத்தை எடுத்து முடித்தபின் மாணவர்கள் சில கேள்விகளுக்கு விடை எழுத வேண்டியிருந்தது. அவற்றில் ஒன்று, அவர்களுடைய படம் குறிப்பிட்ட சமூகப் பிரிவினரை எவ்வாறு காட்டுகிறது என்பது. சகோதரிகளே, இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நமது கதை இதில்தான் வந்து நிற்கப் போகிறது.

இலண்டனில் வசிக்கும் சாச்சியின் மகள் இந்த வேலையைச் செய்தவராம். அவர் சொல்லக் கேட்டுத்தான் நமது மாணவிக்கும் ஆசை வந்தது. வகுப்புத் தோழியர் மூவர் சேர்ந்தனர். நால்வரில் இருவர் முஸ்லிம்கள், இருவர் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள். கையில் இருந்தது ஒரு கைத்தொலைபேசி மட்டுமே.

சினிமா கமெரா நமது மலைக்குப் புதியதல்ல. ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போகும் பாதையில் வரும் கித்துல்கலையில்தான், 1957இல் வெளியான ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்துக்காகக் களனி கங்கையின் மேல் பாலம் கட்டி உடைத்தார்கள். அதற்கு முன், 1954இல் வெளியான ‘எலிஃபண்ட் வோக்’ என்ற படம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களாவையே கதைக்களமாகக் கொண்டது. அதில் துரையும் துரைசாணியும் கதை மாந்தர்கள். கொழுந்து பறித்தவர்கள் பின்னணி. லயத்திலிருந்து ஒரு பிள்ளை தானே கமெராவைப் பிடிப்பதென்றால், அது சிறிய மாற்றமல்ல.

திடுக்கிடல் வேறு, திகில் வேறு

நால்வரும் முதலில் படித்தது, பயம் எப்படி உண்டாக்கப்படுகிறது என்பதை. திகில் படங்களுக்குப் பேர்போன ஆங்கில இயக்குநர் ஹிட்ச்கொக் இதற்கு ஓர் உதாரணம் சொல்லியிருக்கிறார். இருவர் மேசையருகே இருந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று மேசைக்கடியில் குண்டு வெடிக்கிறது. பார்ப்பவர் சில விநாடி திடுக்கிடுவார், அவ்வளவுதான். அதே குண்டை முன்கூட்டியே பார்ப்பவருக்குக் காட்டிவிட்டு, மேசையில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியாமல் வைத்தால், அந்தச் சாதாரணப் பேச்சு முழுவதும் பார்ப்பவருடைய நெஞ்சு பதைத்துக்கொண்டே இருக்கும். முன்னது திடுக்கிடல், பின்னது திகில்.

தமிழிலும் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 1954இல் ஏ.வி.எம். தயாரித்து எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தில் பாட்டே கிடையாது. அந்தக் காலத்தில் அது பெரிய துணிச்சல். படம் தொடங்கியதுமே துப்பாக்கி வெடிக்கிறது. கதாநாயகன் இறந்து விழுகிறான். சுட்டது யார்? சந்தேகம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறிக்கொண்டே போகிறது. முகத்தைப் பார்த்தோ உடையைப் பார்த்தோ யாரையும் குற்றவாளி என்று முடிவு கட்ட அந்தப் படம் நம்மை விடுவதில்லை.

இதைப் படித்தபின் நமது மாணவியர் தங்கள் கதையை எழுதினார்கள். மழை இரவு. லயன் அறையில் ஒரு பெண்பிள்ளை தனியாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். வெளியே பனிமூட்டத்தில் கம்பிளி போர்த்திய ஓர் உருவம் வருகிறது. முகம் தெரியவில்லை. கதவு தட்டப்படுகிறது. படம் முடிகிறது.

ஒரு பிள்ளையின் கேள்வி

ஒத்திகை பார்க்கிறோம் என்று, யாரிடமும் சொல்லாமல், ஒரு மாலைப்பொழுதில் தோட்டத்துப் பாதையில் ஒருத்தி கம்பிளியைப் போர்த்திக்கொண்டு நின்றாள். அந்தி மங்கும் நேரம். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த வயதான தாய் ஒருவர் அதைக் கண்டு பதறி, கையிலிருந்த பையைப் போட்டுவிட்டார். பிள்ளைகள் ஓடிப்போய்ப் பையை எடுத்துக் கொடுத்து மன்னிப்புக் கேட்டார்கள்.

மறுநாள் இதை என்னிடம் சொன்னபோது நபி (ஸல்) அவர்களின் காலத்து நிகழ்ச்சியொன்றை நான் அவர்களுக்கு நினைவூட்டினேன். பயணமொன்றில் தூங்கிக்கொண்டிருந்த தோழர் ஒருவரிடமிருந்த கயிற்றை இன்னொருவர் எடுக்க, அவர் திடுக்கிட்டு விழித்தார். பிறரை இவ்வாறு அச்சுறுத்துவது ஆகுமானதல்ல என்று நபியவர்கள் தடுத்தார்கள். அபூதாவூதில் இது பதிவாகியுள்ளது. தெருவில் போகிறவரைப் பயமுறுத்திப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிச் சிரிக்கும் பழக்கம் பரவியிருக்கும் இக்காலத்தில், இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நமது பொறுப்பு. படம் பார்க்கிறவர் பயப்படத் தயாராக வந்து அமர்கிறார்; பாதையில் போகிறவர் அப்படியல்ல. அண்டை அயலவர் எந்த மதத்தவராயினும் நம்மால் அவருக்குப் பயம் வரக்கூடாது.

ஆனால் அதைவிடப் பெரிய கேள்வியைக் கேட்டவர் நானல்ல. அந்த நால்வரில் ஒரு தோட்டத்துப் பிள்ளை. கதையை இரண்டாம் முறை வாசித்தபோது அவள் மெல்லக் கேட்டாளாம்:

“எங்கப்பா ராக்காவல் வேலைக்குப் போறவரு. கம்பிளி போத்திக்கிட்டுத்தான் வருவாரு. அவரப் பாத்தா ஒங்களுக்குப் பயமா இருக்கா?”

யாரும் பேசவில்லை. அவள் கோபித்துக்கொள்ளவும் இல்லை. கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாள்.

நமது மாணவிக்கு அப்போது 2019ஆம் ஆண்டு நினைவு வந்ததாகச் சொன்னார். அவர் சின்னப்பிள்ளை. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிந்திய நாட்கள். தாடி வைத்த மாமாவுடன் பஸ்ஸில் போனபோது, பக்கத்து ஆசனத்திலிருந்தவர் எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டார். மாமாவின் பையில் இருந்தது உம்மம்மாவுக்கு வாங்கிய மருந்து. “அன்றைக்கு மாமாவை அவங்க பார்த்த மாதிரித்தான் இவளுடைய அப்பாவை நாங்க பார்த்திருக்கிறோம், மௌலவி” என்றார்.

வாசக சகோதரிகளே, திகில் படத்தின் முதல் இரண்டு நிமிடத்தில் கமெரா ஒருவரைச் சுட்டிக்காட்டி, இவருக்குப் பயப்படு என்று நமக்குச் சொல்லிக் கொடுக்கிறது. நாம் ஏன், எதற்கு என்று கேட்பதில்லை. தொப்பியும் தாடியும் வந்தால் பின்னணி இசை மாறுவதைத் திரையில் எத்தனை முறை கண்டிருப்போம்! 2013இல் ‘விஸ்வரூபம்’ படத்தைப் பற்றி முஸ்லிம் அமைப்புகள் முறையிட்டு, தமிழ்நாடு அரசு அதற்குத் தடை விதித்து, சில காட்சிகளில் மாற்றங்கள் செய்தபின் பெப்ரவரியில் அது வெளியானது நினைவிருக்கும். அந்தச் சர்ச்சையில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பது வேறு விடயம். நம்மைத் தவறாகக் காட்டும்போது நமக்கு வலிக்கிறது. அந்த வலியை அறிந்த நாம், நம்மைவிட எளியவரின் கம்பிளியைப் பயத்தின் அடையாளமாக்கலாமா? நியாயம் என்பது நமக்கு மட்டும் கேட்பதல்லவே!

கதை மாறியது

பிள்ளைகள் படத்தைக் கைவிடவில்லை, கதையை மாற்றினார்கள். மலையில் நாம் உண்மையில் பயப்பட வேண்டியது எதற்கு என்று யோசித்தார்கள். விடை அவர்கள் வாசலிலேயே இருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் லயன்களை மண் மூடியதை மலையகம் மறக்காது. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயலின்போதும் மலையகத்தின் பல இடங்களில் மண் சரிந்து உயிர்கள் போயின. மண் சரியுமுன் மலை சில அறிகுறிகளைக் காட்டும். தரையிலும் சுவரிலும் புதிய வெடிப்புகள் தோன்றும். மரங்களும் மின்கம்பங்களும் சாயும். இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்பும். தெளிந்த ஊற்று கலங்கும், அல்லது திடீரென வற்றும். ஹிட்ச்கொக் சொன்ன மேசைக்கடிக் குண்டு இதுவல்லவா?

புதிய கதை இப்படி அமைந்தது. அதே மழை, அதே பெண்பிள்ளை. வெளியே பீலியில் வரும் தண்ணீர் கலங்கிச் சிவப்பாகிறது. அவள் பார்க்கவில்லை, நாம் பார்க்கிறோம். சுவரோரம் மெல்லிய வெடிப்பு. அதையும் அவள் காணவில்லை. பனிக்குள் கம்பிளி உருவம் வருகிறது. நாம் அவரைப் பார்த்துப் பயப்படுகிறோம். கதவு தட்டப்படுகிறது. திறந்தால், இராக்காவல்காரர். “மலை எறங்குது, எந்திரிச்சு வாம்மா!” என்கிறார். திரை இருள்கிறது. மண் நகரும் ஓசை மட்டும் கேட்கிறது.

பிள்ளையின் தந்தையிடம் அனுமதி கேட்கப் போனபோது, அந்த வேடத்துக்கு வேறு ஆள் வேண்டாம், தானே வருவதாகச் சொல்லிவிட்டாராம். இவர்கள் டோர்ச்சை நேரே நீட்டிப் பிடிக்கச் சொன்னதற்கு, “அட்டையும் பாம்பும் கெடக்கிற பாதையில காலடியப் பாத்துத்தான் வெளிச்சம் புடிக்கணும்” என்று திருத்தியவரும் அவரே.

உம்மாவின் யோசனை

மஃரிபுக்குப் பின் வெளியே நிற்க மாணவியின் உம்மா அனுமதிக்கவில்லை. ஆனால் முடியாது என்று சொல்லி நிறுத்திவிடாமல், “சுபஹுக்குப் பிறகு எடுங்களேன். அப்போதும் பனியும் இருட்டும்தானே!” என்றார். கூடவே தானும் போய் நின்றார். அதிகாலைப் பனி திரையில் அந்திப் பனியாகவே தெரிந்தது. அயல் வீடுகளுக்கெல்லாம் முன்னதாகவே சொல்லிவைத்தார்கள்.

இடையூறுகளுக்கும் குறைவில்லை. பனிமூட்டத்தில் கமெராக் கண்ணாடியில் ஈரம் படிந்தது. துடைத்தபின் தெளிந்தது. முதல் நாள் நீல முந்தானை அணிந்த பிள்ளை இரண்டாம் நாள் பச்சையில் வந்ததால் ஒரு காட்சி முழுவதையும் திரும்ப எடுக்க நேர்ந்தது. காற்றின் இரைச்சலில் காலடிச் சத்தம் கேட்கவில்லை. தட்டொன்றில் சரளைக்கல்லைப் பரப்பி, அதன்மேல் செருப்பால் மிதித்து வீட்டில் தனியாகப் பதிவு செய்தார்கள். மழைச் சத்தத்தைத் தகரக் கூரையிடம் வாங்கினார்கள். கலங்கிய தண்ணீருக்குப் பழைய குழாயும் ஒரு வாளிச் செம்மண் கரைசலும் உதவின. எடுத்தவற்றில் பெரும்பகுதியை வெட்டியெறிந்து இரண்டு நிமிடமாக்கியதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்ததாம்.

நீங்கள் கேட்க வேண்டியவை

உங்கள் பிள்ளை படம் எடுத்தாலும் சரி, பார்த்தாலும் சரி, பக்கத்தில் அமர்ந்து சில கேள்விகளைக் கேளுங்கள். இந்தக் காட்சியில் யாரைப் பார்த்துப் பயப்படச் சொல்கிறார்கள்? அவர் ஏதும் தவறு செய்தாரா, அல்லது உடையும் இருட்டும் இசையும் சேர்ந்து அவரைக் குற்றவாளியாக்கினவா? அவருடைய மகள் இதைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? படம் பிடிக்கப்பட்டவர் சம்மதித்தாரா? இந்த நான்கு கேள்விகளைக் கேட்கப் பழகிய பிள்ளை, நாளை கைத்தொலைபேசியில் வந்து விழும் வதந்தியையும் அவதூறையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாது. அடுத்தவருக்கு அனுப்பவும் தயங்கும்.

மழைக்காலம் வந்தால், மண்சரிவின் அறிகுறிகளையும் ஒருமுறை பிள்ளைகளோடு சுற்றிப் பாருங்கள். வீட்டுச் சுவரையும், பின்புற மண்மேட்டையும், ஊற்று நீரின் நிறத்தையும் கவனியுங்கள். ஐயமிருந்தால் கிராம அலுவலரிடமோ தோட்ட நிர்வாகத்திடமோ தாமதிக்காமல் சொல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நமது மலையையும் அதில் வாழும் எல்லா மக்களையும் பாதுகாப்பானாக! ஆமீன்.