நிலம் நடுங்கியபோது கேள்வி கேட்ட வானொலி

புகைமூட்ட நாள்களில் நாங்கள் ஒலிபரப்பில் ஐபியு அளவை வாசிப்போம். அடுத்த நிமிடமே ஒரு நேயர் அழைப்பார். "நம்பர் இருக்கட்டுங்க, பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பலாமா, வேணாமா?" அந்த எண்ணை வீட்டு வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வானொலியின் வேலை. அதை நன்றாகச் செய்த குழு ஒன்று அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் இருக்கிறது.

ஒக்லஹோமா எண்ணெய் வளம் மிக்க மாநிலம். 2009-க்கு முன்பு அங்கே 3 அளவுக்கு மேற்பட்ட நிலநடுக்கம் ஆண்டுக்கு இரண்டு வந்தாலே அதிகம். 2015-இல் அந்த எண்ணிக்கை 900-ஐத் தாண்டியது. அதற்கு முன்பே, 2011 நவம்பரில், பிராக் என்ற சிற்றூருக்கு அருகே ஏற்பட்ட பெரிய நடுக்கத்தில் வீடுகள் சேதமடைந்தன.

காரணம் நிலத்தடியில் இருந்தது. எண்ணெய் எடுக்கும்போது அதோடு ஏராளமான உப்புநீரும் மேலே வருகிறது. அந்தக் கழிவுநீரை நிறுவனங்கள் ஆழ்கிணறுகள் வழியே மீண்டும் பூமிக்குள் செலுத்துகின்றன. அதன் அழுத்தம் ஆழத்திலுள்ள பாறைப் பிளவுகளை எட்டினால், இறுகிக் கிடந்த பிளவு நழுவும், நிலம் நடுங்கும்.

இதைச் சொல்வது எளிதல்ல. மாநிலத்தின் வேலைவாய்ப்பும் வரி வருமானமும் எண்ணெயை நம்பியிருந்தன. பெரும்பாலான நடுக்கங்களுக்குக் கழிவுநீரே காரணமாக இருக்கக்கூடும் என்று மாநிலப் புவியியல் ஆய்வகம் தெளிவாகச் சொன்னது 2015 ஏப்ரலில்தான்.

அதற்கு முன்பே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர்களில் 'ஸ்டேட்இம்பேக்ட் ஒக்லஹோமா' குழுவும் ஒன்று. அங்குள்ள பொது வானொலி நிலையங்கள் 2011-இல் கைகோத்துத் தொடங்கிய கூட்டு முயற்சி இது. ஒரு நிலையத்தால் தனியாகச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள முடியாத நிருபரை எல்லாரும் சேர்ந்து வைத்துக்கொண்டார்கள். ஆய்வாளர்களின் விளக்கம், அதிகாரிகளின் முடிவு, சுவர் விரிசல் விட்ட வீட்டுக்காரரின் காப்புறுதிக் கவலை எல்லாம் சில நிமிடச் செய்திகளாகக் காற்றில் போயின.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கூட்டணியில் உள்ள கே.ஜி.ஓ.யு. வானொலியின் உரிமம் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. புவியியல் ஆய்வகம் இயங்குவதும் அதே பல்கலைக்கழகத்தில்தான். சொந்த வீட்டுக்குள்ளேயே கேள்வி கேட்க எவ்வளவு துணிவு வேண்டும் என்பது ஒலிபரப்புத் துறையில் இருப்பவர்களுக்குப் புரியும்.

2016-இல் பல கிணறுகளில் செலுத்தும் நீரின் அளவைக் குறைக்க மாநில ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. அந்தச் செப்டம்பரில் பாவ்னி அருகே 5.8 அளவில் மீண்டும் ஒரு பெரிய நடுக்கம் வந்தாலும், அடுத்த ஆண்டுகளில் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. இது வானொலியால் மட்டும் நடந்ததல்ல. விஞ்ஞானிகள், செய்தித்தாள்கள், வழக்குத் தொடுத்த மக்கள், எண்ணெய் விலைச் சரிவு என எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆனால், காரில் போகிறவருக்கும் சமையலறையில் இருப்பவருக்கும் விஷயத்தைப் புரியவைத்ததில் வானொலிக்கும் பங்குண்டு.

2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நன்கொடையாளர்கள் நிறைந்த பெருநகர நிலையங்கள் எப்படியாவது தாக்குப்பிடிக்கும். சிற்றூர் நிலையங்களுக்குத்தான் பேரிடி.

பெரிய நடுக்கம் வந்தால் தேசியத் தொலைக்காட்சிகள் ஓடி வரும், இரண்டு நாளில் திரும்பிவிடும். நீரின் அளவை முடிவு செய்யும் சலிப்பூட்டும் கூட்டத்தில் கடைசிவரை உட்கார்ந்திருப்பவர் உள்ளூர் நிருபர்தான். பணம் வற்றினால் முதலில் காலியாவது அவருடைய நாற்காலி.